படம் ஒரு வழி, கோடு ஒரு வழி

திருகோணமலையில் அச்சுக்கடை நடத்துகிறவனுக்குப் பெரும்பாலும் மூன்று வகை வேலையில்தான் சோறு: கல்யாண அழைப்பிதழ், கோவில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், கல்வெட்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் கிரியைக்கு வீட்டார் வெளியிடும் நினைவு நூலை இங்கே கல்வெட்டு என்போம். அட்டையில் இறந்தவரின் படம் பெரிதாக வரும். சுற்றிவரப் பூவேலைக் கரை, கீழே பெயரும் பிறந்த, மறைந்த திகதிகளும். அழைப்பிதழில் சிவப்பு கொஞ்சம் தப்பினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கல்வெட்டில் அம்மாவின் முகம் சிவந்துபோனால் பிள்ளைகள் அதைக் கையில் வாங்கமாட்டார்கள். நிறத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த முகங்களை அடிக்கப்போய்ப் படித்ததுதான்.

தொண்ணூறுகளில் நிறம் என்றால் கொழும்பில் நடக்கும் வேலை. இங்கே பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் பக்கம் கட்டி, படத்தை ஸ்கேன் பண்ணி, பஸ்ஸில் ஆள் அனுப்பினால் நாலு பிலிம் வரும். அதற்குப் பிறகு எல்லாம் மெஷின்காரரின் கண். மஞ்சளைக் கூட்டி மஜெந்தாவைக் குறைத்து அவர் மை விடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தோலின் நிறம் எவ்வளவு சின்ன அசைவில் கெட்டுப்போகும் என்று. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின் வீதிகள் திறந்தன. 2004 கடல்கோளுக்குப் பிறகு உதவி நிறுவனங்களின் கையேடுகளும் பனர்களும் வந்தன. 2008 மே மாதத் தேர்தலுக்குப் பின் கிழக்கு மாகாண சபை இங்கே இயங்கத் தொடங்கியதும் இன்று கேட்டு நாளைக்கு வேண்டும் என்கிற வேலைகள் பெருகின. கொழும்புக்கு அனுப்பி எடுக்க அவகாசம் இல்லை. கடைக்கு ஏ3 கலர் லேசர் வந்தது, பிறகு போட்டோ இன்க்ஜெட், பிறகு பனர் அடிக்கும் சொல்வென்ட் மெஷின். மூன்றும் ஒரே முகத்தை மூன்று நிறத்தில் அடித்தன.

புரொபைல் என்ற சொல் எங்கள் பேச்சுக்குள் வந்தது அந்த நாட்களில்தான். அடோபி, ஆப்பிள், கொடாக், அக்ஃபா, மைக்ரோசொஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் 1993இல் ஐசிசி அமைப்பைத் தொடங்கி, எந்த மெஷினுக்கும் எந்த மென்பொருளுக்கும் பொதுவான ஒரு கோப்பு வடிவத்தை உண்டாக்கியிருந்தன. வேலை சொல்ல எளிது. எண் தெரிந்த நிறக்கட்டங்கள் நிறைந்த ஒரு சார்ட்டை எந்தத் திருத்தமும் செய்யாமல் அடிக்கவேண்டும். ஸ்பெக்ட்ரோ கருவியால் ஒவ்வொரு கட்டத்தையும் வாசிக்கவேண்டும். இந்த எண்ணுக்கு இந்த மெஷின் இந்தத் தாளில் இந்த நிறத்தைத் தருகிறது என்ற கணக்கை மென்பொருள் புரொபைலாக எழுதிவைக்கும். சார்ட்டில் எத்தனை கட்டம் என்பதில்தான் எல்லாருக்கும் கவனம். ஐரோப்பாவில் பரவிய இசிஐ2002 சார்ட்டில் 1485 கட்டம், ஐடி8.7/4இல் 1617. கட்டம் கூடக்கூட நிறம் திருந்தும் என்ற நம்பிக்கை கடைக்குக் கடை இருந்தது. சார்ட் என்ன வகைப் பைலாக மெஷினுக்குள் போகிறது என்று கேட்டவர்களை நான் காணவில்லை.

லேசருக்கு முதல் புரொபைல் போட்டது கொழும்பிலிருந்து வந்த ஒரு ரெக்னீசியன். அவர் கொண்டுவந்த சார்ட் ஒரு பிடிஎஃப். கட்டங்கள் எல்லாம் கோட்டால் கீறி நிறம் நிரப்பிய பெட்டிகள், அதாவது வெக்டர். பைல் சில பத்து கிலோபைட்தான். அளந்து முடித்துப் புரொபைலைப் போட்டதும் கரையின் பச்சையும் எழுத்தின் குங்குமச் சிவப்பும் மானிட்டரில் கண்டபடியே வந்தன. முகங்கள் மட்டும் சிவந்தன. அதுவும் முழு முகமும் இல்லை. கன்னத்தின் நிழல், மூக்கின் ஓரம், தலைமுடி தொடங்கும் இடம்.

ரொறொன்ரோவில் ஓர் அச்சகத்தில் வேலை செய்யும் என் பெறாமகனுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"சித்தப்பா, சார்ட்டை என்ன பைலா அடிச்சவை?"

"பிடிஎஃப். பெட்டி பெட்டியாக் கீறினது."

"அப்ப கரையும் எழுத்தும் சரியா வந்திருக்குமே?"

"அது திறம். முகம்தான் சிவக்குது."

"முகம் படம் எல்லோ, சித்தப்பா. மெஷின் அதை வேற வழியால கொண்டுபோகுது."

கிண்ணியாவுக்கு முன்பு பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்தோம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்தபின் அதால் போகிறோம். எதால் போனாலும் இறங்கும் இடம் கிண்ணியாதான். லேசர் மெஷினுக்குள் அப்படியில்லை. எழுத்து, கோட்டு வேலை, புகைப்படம் என்று டிரைவர் பக்கத்தை மூன்றாகப் பிரிக்கிறது. எழுத்துக்கும் கோட்டுக்கும் ஓரம் கூர்மையாக நிற்க நெருக்கமான புள்ளித்திரையைப் போடும். புகைப்படத்துக்கு நிழல் வழுக்கிப்போக அகலமான திரையைப் போடும். திரை மாறினால் டோனர் படியும் அளவும் மாறும். ஒரே எண் இரண்டு நிறமாகும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கோட்டு வேலையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சம எண்ணாக வந்தால் பல ஒபிஸ் லேசர்கள் அதைக் கறுப்பு டோனரால் மட்டும் அடிக்கும். டோனர் மிச்சம், எழுத்தும் சுத்தம். அதே எண் புகைப்படத்தில் வந்தால் நாலு டோனரும் கலந்து அடிக்கும். வெக்டர் சார்ட்டின் சாம்பல் கட்டங்கள் கறுப்பு டோனரில் வந்திருந்தன. கருவி அவற்றை வாசித்து, இந்த மெஷினின் சாம்பல் பிசகில்லாத சாம்பல் என்று எழுதிக்கொண்டது. படத்தில் வந்த சாம்பலோ நாலு டோனரின் கலவை, அதில் சிவப்புச் சாயல். அந்தச் சாயலைப் புரொபைல் கண்டதே இல்லை. கண்டிராததைத் திருத்த அதற்கு வழி இல்லை. இன்னொன்றும் உண்டு. சரிசம எண் உள்ள கட்டம் கறுப்பு டோனரில் வர, ஓர் எண் தள்ளிய பக்கத்துக் கட்டம் நாலு டோனரில் வரும். புரொபைலின் கணக்கில் அந்த இடத்தில் ஒரு படி விழும். எங்கள் ஆட்களின் தோலில் நிழல் விழும் இடங்கள் சாம்பலுக்குக் கிட்டிய மண்ணிறங்கள்தானே. சரியாக அந்தப் படியில்தான் முகங்கள் தடுக்கின.

அதே கட்டங்களை டிஃப் படமாக, ராஸ்டராக, புகைப்படத்துக்குரிய வழியால் அடித்து அளந்து இன்னொரு புரொபைல் போட்டோம். முகங்கள் இறங்கிவந்தன. உடனே, ராஸ்டர்தான் நல்லது என்று கடைப் பையன்கள் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு பனர் மெஷின் வரைக்கும்கூட நிற்கவில்லை.

ராஸ்டர் சார்ட்டுக்கு என்று சில நோய்கள் உண்டு. முதலாவது போட்டோசொப். சார்ட்டைத் திறக்கும்போது எந்தப் புரொபைலை ஒட்டட்டும், மாற்றட்டுமா என்று அது கேட்கும். அவசரத்தில் ஓம் என்று அமத்தினால் கட்டங்களின் எண்கள் எல்லாம் அந்த நிமிடத்திலேயே மாறிவிடும். முன்பு அச்சிடும் பெட்டியில் நிறத்தில் கை வைக்காதே என்று சொல்ல ஒரு தெரிவு இருந்தது. 2010இல் வந்த சிஎஸ்5 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். சார்ட் அடிக்கிறவர்களின் முறைப்பாட்டுக்குப் பிறகு, திருத்தம் இல்லாமல் டிஃப் அடிப்பதற்கென்றே அடோபி ஒரு சின்ன மென்பொருளைத் தனியாக வெளியிட்டது.

இரண்டாவது, அனுப்பும் வழி. ஏ3 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நாலு நிறச் சார்ட் ஏறத்தாழ 70 மெகாபைட். டொங்கிளில் இணையம் பார்த்த காலத்தில் அதை அனுப்புவது ஒரு நாள் வேலை. பிறகு வட்ஸ்அப் வந்தது. வெளியூர்க் கடைகள் சார்ட்டைப் படமாக வட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அப்படியே அடித்து, அளந்த கணக்கை எனக்கு அனுப்பின. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். கட்டத்தின் ஓரங்களில் பக்கத்து நிறம் கசியும்; கட்டத்துக்குள்ளேயும் எண்கள் ஒன்றிரண்டு நகரும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கணக்கு மட்டும் பிழைக்கும். பிடிஎஃப்பைக் கோப்பாக அனுப்பினால் இந்த நோய் இல்லை.

வெக்டருக்கும் எங்கள் ஊர்களுக்கென்றே ஒரு கண்டம் உண்டு. இங்கே எல்லா வேலையும் கோரல் ட்றோவில் திறந்துதான் அடிப்பார்கள். பிடிஎஃப் சார்ட்டையும் பழக்கத்தில் அதற்குள்ளே இழுத்துப் போடுவார்கள். கோரலுக்கு அதன் சொந்த நிற அமைப்பு இருக்கிறது. அது விட்டபடியே இருந்தால் உள்ளே வரும்போதோ வெளியே போகும்போதோ எண்களை மாற்றிவிடக்கூடும். டிஃப்பில் புள்ளிக்கு ஓர் எண் எழுதியிருக்கும், அதற்கு விளக்கம் தேவையில்லை. வெக்டர் என்பது ஒரு கட்டளை. வாசிக்கிற மென்பொருள் அதை எப்படி விளங்கிக்கொள்கிறது என்பதில்தான் நிறம் தங்கியிருக்கிறது.

பனர் மெஷினை ஓட்டுவது றிப் என்ற மென்பொருள். அதன் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் பெறாமகன் சொன்ன வழிகள் பெயரோடு கிடைத்தன. பல றிப்களில் படத்துக்கு ஒரு தெரிவு, வெக்டருக்கு ஒரு தெரிவு என்று தனித்தனி மெனு இருக்கும். படத்துக்கு நிழல்களின் ஒழுங்கைக் காக்கும் முறை, வெக்டருக்கு நிறத்தைத் தூக்கிக் காட்டும் முறை என்பதுதான் வழமையான அமைப்பு. நிறத் திருத்தத்தை முற்றாக நிறுத்தாமல் வெக்டர் சார்ட் அடித்தால் அது தூக்கிய நிறத்தில் வரும். ராஸ்டர் சார்ட் அடித்தால் அடங்கிய நிறத்தில் வரும். இரண்டும் மெஷினின் உண்மையான நிறம் அல்ல. அதனால்தான் றிப் செய்கிறவர்கள் தங்கள் சார்ட்டை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். முதலில் ஒவ்வொரு மையாக நேர்ப்படுத்தி, பிறகு மொத்த மைக்கு எல்லை வைத்து, அதன் பிறகு எந்தத் திருத்தமும் தொடாத இடத்திலிருந்து அந்தச் சார்ட் புறப்படும். நாலு மையும் முழுதாக விழுந்தால் 400 வீதம். மலிவான பனர்த் துணியில் அது வடிந்து ஓடும். எல்லையை வைத்துவிட்டுச் சார்ட் அடிக்காமல், அடித்தபிறகு எல்லை வைக்கும் கடைகளை இன்றும் பார்க்கிறேன். அந்தப் புரொபைல் இல்லாத ஒரு மெஷினுக்கு எழுதியது.

பனரில் வெக்டருக்கு ஒரு வசதி இருக்கிறது. கையில் பிடித்து வாசிக்கும் ஸ்பெக்ட்ரோவின் துளை 4.5 மில்லிமீற்றர். பனரின் மைப்புள்ளிகள் பெரியவை, துணியின் நெசவும் தெரியும். சின்னக் கட்டத்தில் ஓரிடத்தை மட்டும் வாசித்தால் புள்ளியா இடைவெளியா என்பதைப் பொறுத்துக் கணக்கு ஆடும். கட்டத்தைப் பெரிதாக்கிப் பல இடத்தில் வாசித்துச் சராசரி எடுக்கவேண்டும். வெக்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கலங்காது. டிஃப்பைக் கவனமில்லாமல் பெரிதாக்கினால் மென்பொருள் ஓரங்களில் இல்லாத இடைநிறங்களைப் போட்டு நிரப்பும்.

இரண்டு வழியும் ஒரே பக்கத்தில் முகத்துக்கு முகம் நின்றதை நிலாவெளி ஹோட்டல் பிரசுரம் ஒன்றில் கண்டேன். போர் முடிந்தபின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் எழும்பின. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த புறாத்தீவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிரசுரத்தின் மேற்பாதி கடல் புகைப்படம். கீழ்ப்பாதி அதே நீலத்தில் ஒரு தட்டைப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து. புகைப்படத்தின் கடல் பட்டைக்குள் கரைந்துபோவதுபோல வடிவமைத்திருந்தார்கள். மானிட்டரில் அழகு. தாளில் நடுவே ஒரு கோடு. மேலே கடல் நீலம், கீழே ஊதா. இரண்டு இடத்திலும் எண் ஒன்றுதான்.

நீலம் இந்தத் தொழிலின் பழைய தலையிடி. புரொபைல்கள் கணக்குப் பார்க்கும் லாப் நிறவெளியில், மெஷின் எட்டாத நீலத்தை அடக்கிக்கொண்டு வரும்போது அது ஊதாப் பக்கம் சாய்வது எல்லாரும் அறிந்த குறை. அடக்கும் முறை மாறினால் சாய்வும் மாறும். வெக்டர் பட்டையை ஒரு முறையிலும் புகைப்படத்தை இன்னொரு முறையிலும் றிப் அடக்கியது. முழுப் பக்கத்தையும் படமாக்கிவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். செய்தால் கோடு போய்விடும், ஆனால் தமிழ் எழுத்து கெடும். சின்ன அளவில் ண, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். நாலு டோனர் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை தள்ளி விழுந்தாலும் எழுத்தோரத்தில் நிறம் தெரியும். ஆங்கிலப் பிரசுரத்தில் தப்பிப்போகிற இந்தக் குறை தமிழில் தப்பாது. பட்டையை மட்டும் படமாக்கி, எழுத்தை வெக்டராகவே மேலே வைத்தோம். கடலும் பட்டையும் ஒரே வழியால் போயின.

அந்த வேலைக்குப் பிறகு கடையில் ஒரு தாள் செய்துவைத்தோம். ஏ4 பக்கத்தில் இரண்டு நிரல். இடது நிரலில் கோட்டால் கீறிய கட்டங்கள், வலது நிரலில் அதே எண்களோடு டிஃப் படம். சாம்பலின் சில படிகள், தோலின் மண்ணிறங்கள், கடல் நீலம், வாழையிலைப் பச்சை, குங்குமம். எந்தப் புரொபைலும் ஒட்டாத பைல். வேலைகள் எந்த வழியால் போகுமோ அதே மென்பொருள், அதே டிரைவர் வழியாக அடித்து இரண்டு நிரலையும் வாசிக்கவேண்டும். சோடி சோடியாகப் பார்த்து நிற வித்தியாசத்தின் அளவான டெல்ட்டா ஈ ஒன்றுக்குள் நின்றால் மெஷின் இரண்டையும் ஒன்றாக நடத்துகிறது. மூன்றைத் தாண்டினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கண்ணே பிடித்துவிடும். 1617 கட்டத்தை அடித்து அளந்தாலும் தெரியவராத ஒன்றை இந்த ஒரு தாள் சொல்லிவிடும். இந்த ஊர்க் காற்றையும் அதிலேயே பார்க்கலாம். வாடைக் காற்றில், மார்கழி மழையில், தாள் ஈரம் குடித்திருக்கும், டோனர் படிவது மாறும், சொல்வென்ட் மை காய மறுக்கும். கச்சான் காற்றடிக்கும் யூலையில் போட்ட புரொபைல் அப்போது பொருந்தாது. பருவம் மாறினால் இரண்டு நிரலும் சேர்ந்து நகரும். அமைப்பு மாறினால் ஒரு நிரல் மட்டும் நகரும். எது நடந்தது என்று தாளே பிரித்துக் காட்டும்.

2022இல் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. நாட்டில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் பரீட்சையே தள்ளிப்போனது. கிடைத்த தாளை வாங்கினோம். ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு வெண்மை. ஒவ்வொன்றுக்கும் புரொபைல் வேண்டும், ஆனால் சார்ட்டுக்குத் தாளும் மையும் வீணாக்க முடியாது. கிரேம் கில் எழுதி இலவசமாக வெளியிட்ட ஆர்கைல் மென்பொருளை நம்பினோம். எத்தனை கட்டம் வேண்டும் என்பதை நாங்களே சொல்லலாம். ஒரே எண் பட்டியலிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் வெக்டராகவும் தரும், டிஃப் ஆகவும் தரும். கட்டங்களைக் குலைத்து அடுக்குவதால் மெஷின் சூடேறும்போது வரும் நகர்வு ஒரே நிறத்தின்மேல் குவியாது. ஒரு ஏ4 தாளில் அடங்கும் சார்ட், சரியான வழியால் போனால், வழி தப்பிய பெரிய சார்ட்டைவிட நல்ல முகம் தந்தது. கரண்ட் நிற்கும் நேரத்துக்குள் அடித்து முடிக்கக்கூடிய அளவும் அதுதான்.

இப்போது வேலைகள் கைத்தொலைபேசியில் பிறந்து வருகின்றன. பிள்ளைகள் கன்வாவில் செய்து பிடிஎஃப்பாக அனுப்புகிறார்கள். பூவேலைக் கரைக்கு ஒரு மெல்லிய நிழல் போட்டிருப்பார்கள். நிழல் என்றால் ஊடுருவித் தெரியும் நிறம். அதைத் தட்டையாக்கும்போது நிழல் விழுந்த பகுதியை மென்பொருள் படமாக மாற்றிவிடும். நேற்று வரை கோட்டு வழியால் போன கரையின் ஒரு துண்டு இன்று பட வழியால் போகும். அந்தத் துண்டு மட்டும் வேறு பச்சையில் வரும். புரொபைலைத் திட்டுவதற்கு முன், பக்கத்தில் எது படம் எது கோடு என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முடிந்த இடத்தில் றிப்பில் இரண்டு வழிக்கும் ஒரே முறையைப் போட்டு வைக்கிறோம். முடியாத ஒபிஸ் லேசரில் முகம் இருக்கிற வேலைக்கு ராஸ்டர் சார்ட்டின் புரொபைல், லெட்டர்ஹெட்டுக்கும் அறிவித்தலுக்கும் வெக்டர் சார்ட்டின் புரொபைல் என்று இரண்டு வைத்திருக்கிறோம்.

மற்றக் கடைக்காரர்கள் ராஸ்டரா வெக்டரா என்று கேட்டால் அந்த இரு நிரல் பைலை அனுப்பிவிடுகிறேன், வட்ஸ்அப்பிலும் படமாக இல்லாமல் கோப்பாக. டிரைவர் புதுப்பித்தாலும், றிப்பின் புதுப் பதிப்பு போட்டாலும், மெஷின்காரர் வந்து ட்ரம் மாற்றினாலும் முதலில் அதை அடியுங்கள். நிரல்கள் ஒத்திருந்தால் கையில் இருக்கிற சார்ட் டிஃப்பானால் என்ன, பிடிஎஃப்பானால் என்ன, தாராளமாகப் போடலாம். பிரிந்து நின்றால் பெரிய சார்ட்டுக்குத் தாள் வைக்கவேண்டாம். எந்த மெனுவில் பிரிகிறது என்று தேடுங்கள்.